சரியான நேரத்துக்குப் போகும் வண்டி

அரசலகுப்பம் ரயில் நிலையத்துக்குப் புதுக் கட்டடம் கட்டி முடித்த மறுவாரமே அங்கே ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்கள் ஒருநாள் காலையில் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே வந்து நின்று பார்த்துக்கொள்ளலாம். நிற்கத்தான் முடியும், ஏற முடியாது.

முன்பெல்லாம் அந்த நிலையம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு சிமெண்டு பெஞ்சு, கொட்டகைக்குள் மரப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் நாகபூஷணம், அவ்வளவுதான். நாகபூஷணம் ரயில்வே ஊழியர்கூட அல்ல. ஹால்ட் ஏஜெண்ட். பெரிய ஸ்டேஷனில் டிக்கெட்டை மொத்தமாக எடுத்துவந்து இங்கே விற்று கமிஷன் வாங்கிக்கொள்பவர். அந்தக் கொட்டகைக்கு மரியாதை கொடுத்துத் திருப்பதி போகும் ஏழு பத்து பாசஞ்சர் தினமும் ஒரு நிமிஷம் நிற்கும். விசைத்தறி ஓட்டுகிறவர்கள், திருப்பதி லாட்ஜுகளில் துணி துவைக்கிறவர்கள், துணிக்கடைப் பெண்கள் என்று நூறு பேருக்குக் குறையாமல் ஏறுவார்கள். ஒரு நிமிஷத்தில் நூறு பேர் ஏறுவது எப்படி என்று அந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவர்களில் இரண்டு பேர் துலுக்காணமும் அவன் மனைவி ரத்னம்மாவும். துலுக்காணம் விசைத்தறிக்காரன். ரத்னம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி காலை ஒன்பது மணிக்குத் திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம். அதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் புடைத்துக்கொண்டு, தொட்டால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். அந்தக் கையில் வளையல் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, யாரும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. அந்தக் கை கெட்டால் ஊசி போட வேறு இடமில்லை.

ஒன்பதரைக்குள் போய்ச் சேராவிட்டால் அவளுடைய நாற்காலியை வாசலில் காத்திருக்கும் வேறொரு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது, அந்த நோயாளியும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். பஸ்ஸில் போகலாமே என்று சொல்லத் தோன்றும். மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். எட்டு மணிக்கு முன்னால் ஷேர் ஆட்டோ கிடையாது. புத்தூரில் வண்டி மாற வேண்டும். தலைகீழாக நின்றாலும் பத்தேகாலுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியாது. ஏழு பத்து பாசஞ்சரைப் பிடித்தால்தான் ரத்னம்மாவுக்கு உயிர்.

இந்த நிலையில்தான் கொட்டகையைப் பிரித்துப்போட்டுவிட்டுக் கட்டடம் கட்டினார்கள். கோயில் கோபுரம் மாதிரி முகப்பு, வழவழவென்று கிரானைட் பெஞ்சு, மூன்று மொழியில் ஓடும் மின்னெழுத்துப் பலகை, செல்ஃபி எடுத்துக்கொள்ள ஒரு பெரிய சட்டம், முக்கியப் பிரமுகர்கள் ஓய்வறை. அரசலகுப்பத்துக்கு அதுவரை வந்த ஒரே முக்கியப் பிரமுகர் ஆடு மாடு கணக்கெடுக்க வந்தவர். ஊரே போய்ச் செல்ஃபி எடுத்துக்கொண்டது. ரத்னம்மாகூட கிரானைட் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, "ஜில்லுன்னு கீது" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு ஐந்துக்கு ஒலிபெருக்கி முதன்முறையாகப் பேசியது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. திருப்பதி வரை செல்லும் பாசஞ்சர் வண்டி இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடையைச் சரியான நேரத்தில் கடந்து செல்லும். பயணிகள் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

நூறு பேரும் ஒத்துழைத்தார்கள். வண்டி வந்தது, ஊதியது, போனது. அதன் காற்றில் ரத்னம்மா தடுமாறிக் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, நம்ம வண்டி நிக்காம போய்க்கினு கீது?"

"டிரைவர் புதுசு போலகீது. மறந்துட்டான்."

"மறக்கல துலுக்காணம்" என்றபடி நாகபூஷணம் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நிறுத்தத்தை எடுத்துட்டாங்கோ. இப்பத்தான் ஆர்டர் ஒட்டிட்டுப் போறாங்கோ. போதிய பயணிகள் வருகை இல்லையாம்."

"வருகை இல்லயா? இங்க நூறு பேரு நின்னுக்கினு கீறோம், இதெல்லாம் இன்னா, தூணா?"

நாகபூஷணம் தலையைச் சொறிந்தார். விஷயம் இதுதான். அரசலகுப்பத்தில் ஏறுகிற கிட்டத்தட்ட அத்தனை பேரும் சீசன் டிக்கெட்காரர்கள். சீசன் டிக்கெட் போடும் அதிகாரம் ஹால்ட் ஏஜெண்டுக்குக் கிடையாது. அதனால் ஊரே மாதாமாதம் திருப்பதியில் வரிசையில் நின்று சீசன் எடுத்து வந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தது. கணக்கில் அவர்கள் அத்தனை பேரும் திருப்பதிப் பயணிகள். அரசலகுப்பத்தில் விற்றது தினம் மூன்று டிக்கெட். அதிலும் ஒன்று நாகபூஷணத்தின் மச்சானுடையது. டிக்கெட் இல்லாமல் திருட்டு ரயில் ஏறியிருந்தால்கூட எப்போதாவது பிடிபட்டுக் கணக்கில் வந்திருப்பார்கள். யோக்கியமாக இருந்ததுதான் அந்த ஊர் செய்த தப்பு.

அன்று அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருபது. நாற்காலி போய்விட்டது. சாயங்காலம் ஒரு இடம் காலியாகி இரண்டே மணி நேரம் மிஷினில் போட்டார்கள். புதன்கிழமையும் அதே கதை. வெள்ளிக்கிழமை அதுவும் கிடைக்கவில்லை. முதல் நாள் ராத்திரியே போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துப் பார்த்தார்கள். காவல்காரன் விரட்டினான், தறி முதலாளி வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றான். ரத்னம்மாவின் கால் வீங்கிச் செருப்பில் நுழைய மறுத்தது. வார்டில் இருந்த நர்ஸ் பத்மாவதி அவள் காலில் விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"ஏன் அண்ணா, நேரத்துக்குக் கூட்டிட்டு வர முடியலயா? இப்படியே விட்டா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். அப்புறம் எங்ககிட்ட கேக்காதீங்க."

"வண்டி நிக்கலம்மா" என்றான் துலுக்காணம். அவனுக்கே அது ஒரு சாக்குப்போல் கேட்டது. அன்றே நாகபூஷணத்தைக் கூட்டிக்கொண்டு ரயில்வே அலுவலகத்துக்கு அர்ஜி எழுதி எடுத்துப்போனான்.

அங்கே பயணியர் மகிழ்ச்சிப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதன் முதுநிலை அலுவலர் கிரண்குமார் அவர்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. பயணிகள்தான் எங்களுக்குத் தெய்வம். இங்க யாரும் நின்னுகிட்டுப் பேசக் கூடாது."

அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் அவர் உட்கார்ந்துகொண்டார். அர்ஜியைப் படித்துப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு சிரித்தார்.

"வண்டி லேட்டாகுதுன்னு இருபது வருஷமா மக்கள் எங்களைத் திட்டினாங்க. ஆராய்ச்சி பண்ணினோம். வண்டி எதனால லேட்டாகுது? நிக்கறதால. ஓடும்போது எந்த வண்டியாவது லேட்டாகிப் பாத்திருக்கீங்களா? பதினோரு ஊர்ல நிறுத்தத்தை எடுத்தோம். இன்னிக்கு வண்டி நொடி பிசகாம போய்ச் சேருது. இதுக்கு நீங்க சந்தோஷப்படணும்."

"நாங்க அதுல இல்லையே சார்" என்றான் துலுக்காணம்.

"நீங்க இல்லாததாலதான் அது நேரத்துக்குப் போகுது. அந்தப் பெருமை உங்களுக்கும் சேரும்."

நாகபூஷணம் மெல்லக் கனைத்தார். "நிக்காத ஊருக்கு எதுக்கு சார் அத்தாம் பெரிய பில்டிங்கு?"

"அது வேற செக்‌ஷன். அவங்க டார்கெட் கட்டடம். என் டார்கெட் நேரம். ரெண்டு பேருமே டார்கெட்டை முடிச்சுட்டோம். ஒருத்தர் வேலையில ஒருத்தர் தலையிடறதில்லை."

துலுக்காணம் கையைக் கட்டிக்கொண்டே நின்றான். "என் சம்சாரத்துக்கு வாரத்துல மூணு நாள் ஒம்பதரைக்குள்ள மிஷின் போடணும் சார். இல்லன்னா செத்துப்பூடும்."

கிரண்குமார் கணினியைத் தட்டினார். "நோயாளிச் சலுகை வாங்கறாங்க இல்லையா? கால் பங்கு கட்டணம். அப்படின்னா எங்க புள்ளிவிவரத்துல உங்க சம்சாரம் கால் பயணி."

"மீதி முக்கால் எங்க சார் போச்சு?"

"அதுதான் சலுகை" என்றார் கிரண்குமார். பிறகு மனமிரங்கி வழி சொன்னார். அரசலகுப்பத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது பேர் ஏறுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். தொடர்ந்து முப்பது நாள் ஐம்பது டிக்கெட் விற்றுக் காட்டினால் நிறுத்தத்தைத் திரும்பக் கொடுப்பது பற்றி ஒரு குழு அமைப்பது பற்றி யோசிப்பார்கள்.

"டிக்கெட்டு எடுக்கத்தான் சார் போனேன்" என்றார் நாகபூஷணம். "வண்டி நிக்காத ஸ்டேஷனுக்கு டிக்கெட்டு கிடையாதுன்னு அனுப்பிட்டாங்கோ. டிக்கெட்டு வித்தாத்தான் வண்டி நிக்கும்ன்றீங்கோ நீங்க. வண்டி நின்னாத்தான் டிக்கெட்டுன்றாங்கோ அவுங்க. எதை மொதல்ல பண்றது?"

"ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணுங்க. ஒருங்கிணைப்பு முக்கியம்" என்று சொல்லி, தெய்வங்கள் இருவரையும் வாசல்வரை வந்து வழியனுப்பினார் கிரண்குமார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. துணிக்கடையில் வேலை செய்யும் யசோதா கைபேசியில் ரயில்வே செயலியைத் திறந்து புகார் எழுதினாள். உங்கள் பயணச்சீட்டு எண்ணைப் பதியவும் என்றது. சீசன் எண்ணைப் பதிந்தாள். இந்தச் சீட்டு திருப்பதியைச் சேர்ந்தது, திருப்பதியில் வண்டி நிற்கிறதே, உங்கள் குறை தீர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. கூடவே ஐந்து நட்சத்திரம் கொடுக்கச் சொன்னது. எரிச்சலில் ஒன்றுகூடக் கொடுக்காமல் மூடினாள். எதுவும் கொடுக்காவிட்டால் முழுத் திருப்தி என்று எடுத்துக்கொள்ளப்படும் என்று அடியில் எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை.

மூன்றே வாரத்தில் அரசலகுப்பம் நிலையத்துக்கு மூன்று சான்றிதழ் வந்தது. தாமதமே இல்லாத நிலையம். குப்பையே சேராத நிலையம். புகாரே வராத நிலையம். மூன்றையும் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டுப் போனார்கள். கழிப்பறை மட்டும் பூட்டியே இருந்தது, திறப்பு விழா நடக்கவில்லையாம்.

அந்தத் திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை என்று அறிவித்தார்கள். கிரண்குமாரும் மற்ற அதிகாரிகளும் ஏழு பத்து பாசஞ்சரிலேயே தனிப்பெட்டி கோத்துக்கொண்டு வந்து இறங்கி, ரிப்பன் வெட்டி, பேசி, அதே வண்டியில் போவார்கள். பொதுமக்கள் திரளாக வந்து சிறப்பிக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

பொதுமக்கள் திரளாகத்தான் வந்தார்கள். சாப்பாட்டு டப்பா, தோள்பை, கழுத்தில் தொங்கும் வேலை அடையாள அட்டை என்று வழக்கமாக வருகிற கோலத்திலேயே வந்தார்கள். துலுக்காணம் ரத்னம்மாவைப் பக்கத்து வீட்டு டிவிஎஸ்ஸில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். இத்தனை நாளும் சாயங்காலம் எப்போதாவது கிடைத்த அரைகுறை மிஷினில்தான் ஓடியது, புதன்கிழமை அதுவும் தவறியிருந்தது. முகம் ஊதி, இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தைக்கு மூச்சில்லை.

"இன்னைக்கும் உட்டா அவ்ளோதாங்க" என்றாள். துலுக்காணம் டிவிஎஸ்ஸைச் சாய்த்து நிறுத்தி அவளைக் கைத்தாங்கலாக இறக்கினான்.

வண்டி வந்தது. நின்றது. கிரண்குமார் இறங்கி மாலை வாங்கிக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அரசலகுப்பம் மக்களே! சில பேர் கேக்கறாங்க, வண்டி நிக்காத இடத்துல எதுக்கு இவ்வளவு வசதின்னு. நான் கேக்கறேன், வண்டி நின்னா நீங்க ஏறிப் போயிடுவீங்க. அப்புறம் இந்த வசதியை யார் அனுபவிக்கறது? ஒரு நிமிஷம் நிக்கற ஸ்டேஷன்ல பயணி ஒரு நிமிஷம்தான் இருக்கான். நிக்காத ஸ்டேஷன்ல நாள் முழுக்க இருக்கலாம். நாங்க பயணத்தைப் பாக்கல, பயணியைப் பாக்கறோம். பயணி எங்கயும் போக வேண்டாத நாள்தான் எங்கள் லட்சியம்!"

அதிகாரிகள் கைதட்டினார்கள். ரத்னம்மாவுக்கு அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஏழு பத்து பாசஞ்சர் நிற்கிறது, கதவு திறந்திருக்கிறது, இன்று வெள்ளிக்கிழமை. ஒன்றரை வருஷமாகச் செய்ததையே செய்தாள். வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். துலுக்காணம் பின்னாலேயே ஏறினான். அவ்வளவுதான், நூறு பேரும் ஏறினார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நடைமேடையில் கிரண்குமாரும் நான்கு அதிகாரிகளும் ஒரு ரிப்பனும் மிச்சம்.

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க! இந்த வண்டி இங்க நிக்கல!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார் கிரண்குமார்.

"நின்னுக்கினுதான கீது சார்" என்றான் துலுக்காணம் ஜன்னல் வழியாக.

"இது நிறுத்தம் இல்ல. விழாவுக்காக வண்டி ஓடாம இருக்கு, அவ்வளவுதான். அட்டவணைப்படி இந்த நிமிஷம் வண்டி புத்தூர்ல இருக்கு!"

"அப்ப நாங்களும் புத்தூர்லதான் கீறோம். உட்டுடுங்கோ."

பெட்டி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் கிரண்குமாருக்குப் பொறுக்கவில்லை. நிற்காத ரயிலில் ஏறிய குற்றத்துக்காக அனைவரையும் கைது செய்யும்படி பாதுகாப்புக்கு வந்திருந்த ரயில்வே போலீசுக்கு உத்தரவு போட்டார். இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஏட்டு சுரேஷ்பாபு. இன்னொருத்தி மஞ்சு என்ற இளம் கான்ஸ்டபிள்.

சுரேஷ்பாபு பெட்டிகளை எட்டிப் பார்த்து எண்ணினார். "நூத்தி நாலு பேர் சார். கைது பண்ணினா கோர்ட்டுக்குக் கொண்டு போகணும்."

"கொண்டு போங்க."

"கோர்ட்டு திருப்பதியில இருக்கு சார்."

"கொண்டு போங்கன்னா கொண்டு போங்க!"

"எதுல சார்?"

கிரண்குமார் சுற்றுமுற்றும் பார்த்தார். ரோடு மூன்று கிலோமீட்டர். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த ஒரே வாகனம் ஏழு பத்து பாசஞ்சர். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

வண்டி நூற்று நான்கு குற்றவாளிகளோடு கிளம்பிற்று. வழியில் ரத்னம்மாவுக்கு மூச்சு இரைப்பதைப் பார்த்துவிட்டு மஞ்சு எழுந்து வந்தாள்.

"ஏம்மா, உடம்பு சரியில்லயா? விழா பாக்க ஏன் வந்த?"

"விழா பாக்க யாரு வந்தா? ஒம்பதரைக்குள்ள மிஷினுக்குப் போவணும் தாயே. அப்புறமா எந்த ஜெயில்ல வேணா போடு" என்றாள் ரத்னம்மா.

திருப்பதியில் மஞ்சு அவளை ஆட்டோவில் ஏற்றி நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மணி ஒன்பது இருபத்தைந்து. நாற்காலி இருந்தது. நான்கு மணி நேரமும் ஓடிற்று. டயாலிசிஸ் வார்டு வாசலில் காவலுக்குப் போலீஸ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னா பண்ணினாங்க அந்த அக்கா?" என்று பத்மாவதி கேட்டாள். "ரயில் ஏறிட்டாங்க" என்றாள் மஞ்சு. சொல்லும்போது அவள் பத்மாவதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு நீதிபதி குற்றப் பத்திரிகையை இரண்டு முறை படித்தார். நிற்காத வண்டியில் எப்படி ஏறினார்கள் என்று கேட்டார். யாராலும் விளக்க முடியவில்லை. எச்சரித்து அனுப்பிவிட்டார்.

அந்தக் குற்றப் பத்திரிகையின் நகலைப் பார்த்துத்தான் நாகபூஷணம் துள்ளிக் குதித்தார். "துலுக்காணம், இதைப் பாரு. நூத்தி நாலு பேரு. பேரு, வயசு, ஏறிய இடம் அரசலகுப்பம். போலீசே எழுதி, கோர்ட்டே முத்திரை போட்டுக் கீது. இதைவிட இன்னா ஆதாரம் வேணும் அந்தாளுக்கு?"

அன்றே நகலை அர்ஜியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். நான்காம் நாளே பதில் வந்துவிட்டது. இத்தனை வேகத்தில் அந்த அலுவலகத்திலிருந்து எதுவும் வந்ததில்லை. நாகபூஷணம் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி நூற்று நான்கு பேரும் குற்றவாளிகள். குற்றவாளிகளைப் பயணிகளாகக் கருத விதியில் இடமில்லை. எனவே நிறுத்தம் வழங்க இயலாது. எனினும், ஒரே நாளில் இத்தனை குற்றம் நிகழ்ந்த நிலையம் இந்தப் பகுதியில் வேறில்லை என்பதால், முக்கியப் பிரமுகர்கள் ஓய்வறையில் உடனடியாகக் காவல் சாவடி அமைக்கப்படுகிறது. காவலர்கள் வந்து இறங்குவதற்காக ஏழு பத்து பாசஞ்சர் தினமும் ஒரு நிமிடம் நிற்கும். அவ்வேளையில் பொதுமக்கள் ஏறினால் கைது செய்யப்பட்டு அதே வண்டியில் திருப்பதிக்குக் கொண்டு செல்லப்படுவார்கள்."

துலுக்காணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "கடைசி வரியை இன்னொரு வாட்டி படி."

நாகபூஷணம் படித்தார்.

மறுநாள் புதன்கிழமை. ஏழு பத்து பாசஞ்சர் நின்றது. சுரேஷ்பாபுவும் மஞ்சுவும் இறங்கினார்கள். நூறு பேரும் ஏறினார்கள். இருவரும் உடனே திரும்ப ஏறி, புத்தூர் வருவதற்குள் அத்தனை பேரையும் கைது செய்து முடித்தார்கள். அதிலிருந்து இதுவே நடைமுறை. சுரேஷ்பாபு கண்டக்டர் மாதிரி பெட்டி பெட்டியாகப் போய்ப் பேர் எழுதிக்கொள்வார். எல்லோருக்கும் காவலிருக்க ஆள் இல்லாததால் திருப்பதியில் இறங்கியதும் எச்சரித்து அனுப்பிவிடச் சொல்லி நீதிபதியே எழுதிக் கொடுத்துவிட்டார். அதிகக் குற்றங்களைத் தடுத்ததற்காகக் கிரண்குமாருக்குப் பதக்கம் கிடைத்தது. காவல் சாவடிக்கும் ஒரு சான்றிதழ் வந்து நான்காவதாகச் சுவரில் தொங்கியது. வேலைக்குப் போகிற பெண்கள் போலீஸ் பதிவேட்டில் தினம் பேர் கொடுப்பது ஊருக்குப் பழகிவிட்டது. பழகியிருக்கக் கூடாது. அதைச் சொல்லும்போதே நெஞ்சு கொதிக்கிறது.

போன திங்கட்கிழமை ஒரு சின்ன மாற்றம். கைது செய்யும் முறையில் கண்ணியம் போதவில்லை, குற்றவாளிகள் தாங்களாகவே ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள், இனி ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து ஏற்ற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை. சாவடியின் வேலையைச் சோதிக்கக் கிரண்குமாரே தனிப்பெட்டி ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சு முதலில் ரத்னம்மாவிடம் வந்து, கைக்கு எட்டிய இடது கையைப் பிடிக்கப் போனாள். துலுக்காணம் ஐயோ என்று பாய்ந்தான். ரத்னம்மா அதற்குள் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கை வேணாம் தாயே. இது மிஷினுக்கு வச்சிருக்கற கை. அழுத்தினா அடைச்சுக்கும்." வலது கையை நீட்டினாள். "இதைப் புடிச்சுக்கோ. நல்லா இறுக்கியே புடிச்சுக்கோ, அந்தாளு பாக்கட்டும்."

மஞ்சுவின் கண் கலங்கிவிட்டது. நீட்டிய கையைப் பிடித்தாள். நாற்பத்து நாலு வயது ரத்னம்மா, அன்றைய முதல் குற்றவாளி, படியில் கால் வைத்து ஏறித் திரும்பி நடைமேடையைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ், நிக்காதீங்க, ஓடியாங்க எல்லாரும்! ஒரு நிமிஷம்தான் கைது பண்ணுவாங்கோ!"

வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பிற்று.